ஏட்டுச் சுரைக்காயும் யோனா ஆமணக்கும்

மருமவனே, எபிரேயம் தெரியாத ஊர்ல எபிரேயம் பேசுததப் போல நோகாத தொழில் உலகத்துல வேற கெடையாது. மழை வேண்டாம், வெத வேண்டாம், மாட்டுக்கு வைக்கோல் வேண்டாம். பிரசங்க பீடத்துல ஏறி நின்னு, கண்ணாடிய மூக்கு நுனிக்கு எறக்கி, தொண்டையக் கனைச்சு, ‘இதை நாம் மூல பாஷையிலே பார்ப்போமானால்...’ன்னு ஒரு இழுப்பு இழுத்தாப் போதும். தலை நரைச்ச பெரியவரும் நிமுந்து உக்காருவாரு. தூணுல சாஞ்சு தூங்குத பயலும் ஒரு கண்ணத் தெறப்பான். எதுத்துக் கேக்க ஆளிருக்கா? கேக்கணும்னா அவனுக்கு எபிரேயம் தெரியணுமில்லா. இந்தத் தேரிக்காட்டுல பனையேறிக்குத் தெரிஞ்ச அயல்பாஷை இங்கிலீசுல ரெண்டு வார்த்தை, அதுவும் தீப்பெட்டியில பாத்தது.

போன அசனப் பண்டிகையில நீரு அந்த இழுப்ப இழுத்தீரு. நல்லாத்தான் இருந்துது. சும்மா சொல்லல, எனக்குப் பெருமைதான். ஆனா பாரும், படிச்சு முடிச்சு ஊருக்கு வந்த அன்னைக்கு ஒரு புஸ்தகப் பொட்டிய எங்க வீட்டுப் பரண்ல ஏத்திட்டுப் போனீரில்லா? அதுல பாதியக் கரையான் படிச்சுது, மீதிய நான் படிச்சேன். கரையானுக்கு ஒண்ணும் ஆவல. எனக்குத்தான் ராத்தூக்கம் போச்சு. பல புஸ்தகத்துல பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கடையில வாங்கின வாசம் மாறாம இருந்துது. அத ஒங்க அத்தைகிட்டகூட நான் சொல்லல. பெரிய பிரசங்கியா வார ஆளு, நம்ம வாயால கொறச்சுச் சொல்லப்படாது.

அதனால படிச்சதுல இருந்து நாலு யோசனை சொல்லுதேன், கேட்டுக்கிடும். பிடிச்சா வச்சுக்கிடும், பிடிக்கலைன்னா ஒம்ம பொட்டிதானே, மேல ஏத்திரும்.

மொதல்ல அந்த நம்பர் வித்தை. ஜேம்ஸ் ஸ்ட்ராங்னு ஒரு அமெரிக்காக்காரர் 1890-ல ஒரு பெரிய சொல்லடைவு போட்டாரு. எபிரேயச் சொல்லுக்கெல்லாம் வரிசையா நம்பர் குடுத்தாரு, 8,674 வரைக்கும். பாவம், மனுசன் நல்ல எண்ணத்துலதான் செஞ்சாரு. இப்ப அது ஒம்ம போனுக்குள்ள வந்துட்டு. சொல்லத் தொட்டா நம்பர், நம்பரத் தொட்டா அர்த்தம் ஏழெட்டு. அதுல ஒமக்குப் பிடிச்சத எடுத்துக்கிடலாம். இல்ல, ஏழையும் எடுத்து ஒரே வசனத்துல போட்டுக் கொழச்சிரலாம். அப்பிடித்தான் நீரு ‘ரூவாக்’னு ஒரு சொல்ல எடுத்தீரு. அது காத்துக்கும் வரும், மூச்சுக்கும் வரும், ஆவிக்கும் வரும். செங்கடல் தண்ணியத் தள்ளின கீழ்க்காத்தும் ரூவாக்தான், மனுசன் மூக்குல உள்ள மூச்சும் ரூவாக்தான். எந்த எடத்துல எதுன்னு முன்ன பின்ன பாத்துத்தான் சொல்லணும். நீரு முக்கா மணி நேரத்துல மூணையும் ஒண்ணாக் கட்டி, எங்க எல்லாரையும் புயல்ல ஏத்தி எறக்கிட்டீரு.

நம்ம ‘படி’யப் பாரும். ஒரு படி அரிசி. மாடிப் படி. பாடத்தப் படி. பத்திரத்துக்கு ஒரு படி எடு. ரெண்டாயிரம் வருசம் கழிச்சு ஒரு சீனாக்காரன் ‘ஒரு படி அரிசி கொண்டா’ன்னு நம்ம ஓலையில வாசிச்சுட்டு, தமிழர் அரிசியப் படிச்சு, நகலெடுத்து, அது மேல ஏறி மோட்சத்துக்குப் போனாவன்னு பிரசங்கம் பண்ணினா ஒமக்கு எப்பிடி இருக்கும்? இந்த வேலையக் கண்டிச்சு 1961-ல ஜேம்ஸ் பார்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் தனிப் புஸ்தகமே எழுதியிருக்காரு. சொல்லோட வேரத் தோண்டி அதுதான் அர்த்தம்னு சொல்லுததும், இருக்குத அர்த்தம் அம்புட்டையும் ஒரே எடத்துல கொட்டுததும் ஆவாதுன்னு சட்டமா எழுதியிருக்காரு. அந்தப் புஸ்தகம் ஒம்ம பொட்டியில புத்தம் புதுசா இருந்துது. கரையான்கூடத் தொடல.

இனி புள்ளி சங்கதி. எபிரேயத்துக்கு எழுத்து 22. அம்புட்டும் மெய்தான். ஒண்ணு ரெண்டு எழுத்து அங்கங்க உயிருக்கும் முட்டுக் குடுத்து நிக்கும், அவ்வளவுதான். மத்தபடி வாசிக்கவன் வாயில இருந்துதான் உயிர் வரணும். நம்ம ஓலையில புள்ளி வைக்காம எழுதினாவல்லா, அதவிடக் கஷ்டம். பொறகு கலிலேயாக் கடல் கரையில, திபேரியா ஊர்ல, மசோரெத்தியர்னு ஒரு கூட்டம் தலைமொற தலைமொறயா உக்காந்து எழுத்துக்கு மேலயும் கீழயும் புள்ளியும் கோடும் வச்சு, இப்பிடித்தான் வாசிக்கணும்னு கட்டினாவ. அவிய புள்ளியோட முழுசா நமக்குக் கெடச்ச பழைய ஏடு 1008-ஆம் வருசத்த ஒட்டி எழுதினது. ஏசாயா காலத்துக்கும் அதுக்கும் நடுவுல ஆயிரத்து எழுநூறு வருசம் ஓடிட்டு. அதுக்குள்ள காது மாறாமலா இருக்கும்?

இதுல ஒரு வேடிக்கை. சாவக் கெடக்கும்போது யாக்கோபு எதுல சாஞ்சு தொழுதாரு? ஆதியாகமம் 47-ஆம் அதிகாரத்துக் கடைசியில பாத்தா கட்டிலோட தலைமாட்டுல. எபிரெயர் நிருபம் 11-ஆம் அதிகாரத்தப் பாத்தா கோலோட முனையில. ரெண்டும் நம்ம தமிழ் வேதத்துலயே இருக்கு, போய்ப் பாரும். மெய் ஒண்ணுதான். புள்ளிய ஒரு மாதிரி வச்சா மித்தா, கட்டில். இன்னொரு மாதிரி வச்சா மத்தே, கோல். அலெக்சாந்திரியாவுல கிரேக்கத்துல பேத்தவிய காலத்துல புள்ளியே கெடையாது, கோல்னு வாசிச்சாவ. நிருபம் எழுதினவர் அந்தக் கிரேக்கத்தப் பாத்து எழுதினாரு. திபேரியாக்காரர் கட்டில்னு புள்ளி வச்சாவ. எனக்கும் வயசு எழுவது தாண்டிட்டு. கட்டிலும் கம்பும் எனக்கு ஒரே கைத்தூரத்துலதான் இருக்கு, அதனால ரெண்டு பேரு மேலயும் எனக்குக் கோவமில்ல. ஆனா வேதத்துல ஒரு புள்ளிகூட மாறலைன்னு மேசையக் குத்துதீரே, அந்தப் புள்ளி எப்ப வந்துதுன்னு மட்டும் கேட்டுக்கிட்டுக் குத்தும். மேசை சபைப் பணத்துல வாங்கினது.

மோசே தலையில கொம்பு மொளச்சதும் இதே கூத்துதான். கேரென்னா கொம்பு, காரன்னா ஒளி விடுதது. லத்தீன்ல ஜெரோம் கொம்புன்னு பேத்தாரு, மைக்கேலாஞ்சலோ அதப் பளிங்குல செதுக்கிட்டாரு, இன்னைக்கும் ரோமாபுரிக் கோயில்ல ரெண்டு கொம்போடதான் உக்காந்திருக்காரு மோசே. தமிழ்ல முகம் பிரகாசிச்சுதுன்னு வந்துட்டு. நம்ம ஊரு ஞாயித்துக்கெழமைப் பள்ளிக்கூடப் பிள்ளைய பயப்படாமத் தப்பிச்சுது.

ஜெரோம்னு சொன்னம்லா, அந்த மனுசனப் பத்திக் கொஞ்சம் உக்காந்து பேசணும், வே. ஒம்ம தொழிலுக்கு அவருதான் மூத்த ஆளு. பெத்லகேம்ல இருந்துக்கிட்டு, ஒரு யூதரக் கூலி குடுத்துப் பிடிச்சு எபிரேயம் படிச்சாரு. அந்த வாத்தியாரு சொந்தச் சனத்துக்குப் பயந்து ராத்திரியிலதான் வருவாராம். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்ச பாஷைய வச்சுக்கிட்டு அவரு யோனா புஸ்தகத்துக்கு வந்தாரு.

கதை ஒமக்குத் தெரியும். நினிவே அழியலையேன்னு மூஞ்சியத் தூக்கிட்டு யோனா ஊருக்கு வெளிய போயி உக்காருதாரு. தலைக்கு மேல நெழலுக்குக் கர்த்தர் ஒரு செடிய மொளைக்க வைக்காரு. மறுநாள் ஒரு பூச்சி கடிச்சு, செடி பட்டுப்போச்சு. அந்தச் செடிக்கு எபிரேயத்துல ‘கிக்காயோன்’னு பேரு. வேதத்துல அந்தக் கதையத் தவிர வேற எங்கயும் அந்தச் சொல்லு கெடையாது. என்ன செடின்னு எப்பிடிச் சொல்ல? கிரேக்கத்துல பேத்தவிய சுரைன்னு எழுதிட்டாவ. அதப் பாத்து லத்தீன்லயும் சுரை. ரோமாபுரியில பூமிக்கடியில கல்லறையெல்லாம் இருக்குல்லா, அங்க சுவத்துல பாத்தா யோனா சொரக்கொடிப் பந்தலுக்குக் கீழ மல்லாக்கப் படுத்திருக்காரு, தலைக்கு மேல காய் காயாத் தொங்குது. நூறு இருநூறு வருசமா சனம் அதத்தான் பாத்துது, அதத்தான் கேட்டுது.

ஜெரோம் ராத்திரி வாத்தியாருகிட்டப் படிச்சவருல்லா, சுரை இல்லன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. எழுதியும் வச்சிருக்காரு: அகல எல, நல்ல நெழலு, தன் தண்டுலயே நிக்கும், பந்தல் வேண்டாம், மணல் பூமியில சடசடன்னு வளரும். இதுக்கு மேல நமக்கு என்ன அடையாளம் வேணும்? நம்ம வேலியோரத்துல நிக்குத ஆமணக்குதான். ஆனா அவருக்கு லத்தீன்ல பேரு அம்பிடல. எபிரேயப் பேர அப்பிடியே எழுதினா ஒருத்தனுக்கும் வெளங்காதுன்னு நெனச்சாரு. சுரைன்னா பொய். அதனால, முன்னால வேற சில கிரேக்க மொழிபெயர்ப்பாளர் எழுதினதப் பிடிச்சுக்கிட்டு, ஐவின்னு சொல்லுதாவல்லா, சீமையில சுவரு பிடிச்சு ஏறுத அந்தக் கொடி, அத எழுதிப்போட்டாரு. பாத்தீரா கூத்த? செடி என்னன்னு தெரியும். தெரிஞ்சும் வேற ஒண்ண எழுதினாரு. கொடிக்காரன் தப்புன்னு சொல்லிட்டு இன்னொரு கொடிய நட்டாரு.

அந்தப் புஸ்தகம் கடல் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போச்சு. ஓயான்னு ஒரு பட்டணம், இப்ப லிபியாவுல திரிப்போலின்னு சொல்லுதாவ. அங்க ஒரு பேராயர் கோயில்ல புது மொழிபெயர்ப்ப வாசிச்சாரு. சுரைக்குப் பதிலாப் புதுக் கொடி காதுல விழுந்ததும் சபையில கலகம். கிரேக்கக்காரவிய எந்திரிச்சு, ‘வேதத்தத் திருத்திட்டான்’னு கூச்சல். பேராயர் வேற வழியில்லாம அந்த ஊரு யூதருகிட்டப் போயி, ‘ஐயா, ஒங்க ஏட்டுல என்ன இருக்கு’ன்னு கேட்டாரு. அவிய என்ன நெனச்சாவளோ, ‘பழைய புஸ்தகத்துல உள்ளதுதான் எங்க ஏட்டுலயும்’னு சொல்லிட்டாவ. சபையக் காப்பாத்திக்கிட அந்த மனுசன் பழையபடி மாத்திக்கிட்டாரு. இத அகுஸ்தீன் 403-ல ஜெரோமுக்குக் கடுதாசியா எழுதினாரு, ‘ஏன்யா ஒமக்கு இந்த வம்பு’ங்குத தோரணையில. ஜெரோம் சும்மா இருப்பாரா? ‘ஒண்ணு அந்த யூதருக்கு எபிரேயம் தெரியல, இல்லைன்னா சொரக்காக் கட்சிய நையாண்டி பண்ணப் பொய் சொல்லியிருக்கணும்’னு பதில் எழுதினாரு. அவருக்கு வேண்டாத ரூபினுஸ் இன்னொரு பக்கம் கெளம்பி, ‘செத்தவிய கல்லறையில எல்லாம் போயி, யோனாவுக்கு நெழல் குடுத்தது சுரை இல்லன்னு எழுதி வைப்போமா’ன்னு கிண்டல். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு நாம சொல்லுதோம். அந்தச் சுரைக்காய் கலகத்துக்கு உதவிருக்கு பாரும்.

இதுல எனக்குப் பிடிச்சது யூத ரபிமார் பண்ணினது. அவிய பழைய சட்டத்துல ஓய்வுநாள் விளக்குக்கு ஆவாத எண்ணெய்ன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல ‘கிக்’ எண்ணெயும் ஒண்ணு. கிக்குன்னா என்னன்னு பொறகு வந்தவியளுக்குச் சந்தேகம். ஒருத்தர் கப்பக்காரன்கிட்ட விசாரிச்சு, கடல் பறவைன்னாரு. இன்னொருத்தர் பருத்திக்கொட்டை எண்ணெய்ன்னாரு. மூணாவது ஆளு, ‘யோனாவோட கிக்காயோன்தான்யா’ன்னாரு. நாலாவது ஒருத்தர் வந்து, ‘நான் அந்தச் செடியப் பாத்திருக்கேன், கடை வாசல்ல வளக்காவ, கொட்டையில எண்ணெய் எடுக்காவ, சீக்காளிய அதுக்கு நெழல்ல படுப்பாவ’ன்னு சாட்சி சொன்னாரு. நாலு பேரு சொன்னதும் தல்மூத்துல அப்பிடியே வரிசையா இருக்கு. தப்புன்னு ஒருத்தரையும் வெட்டிப் போடல. அதுக்கெல்லாம் முன்னாலயே ஹெரோடோட்டஸ், எகிப்துக்காரர் இந்தக் கொட்டை எண்ணெயக் ‘கிகி’ன்னு சொல்லுதாவன்னு எழுதி வச்சுட்டாரு. இன்னொண்ணு கவனிச்சீரா? அவிய விளக்குக்கு ஆவாதுன்னு தள்ளின எண்ணெய்க்கு நாம வச்ச பேரு விளக்கெண்ணெய்.

நம்ம தமிழ்ல என்ன இருக்கு? ஆமணக்குச் செடி. பேத்த புண்ணியவான், சுரையும் போடல, சீமைக் கொடியும் போடல. ஆமணக்கு ஒடச்சா உள்ள கூடு, பூச்சி விழுந்தா பொழுதுக்குள்ள தொங்கிரும். வளர்ந்த வேகத்துல வாடும். ஆமணக்கு நட்டவனுக்கு அந்தக் கதையில பாதி வெளக்கம் வேண்டாம்.

இதுக்காக நம்ம மொழிபெயர்ப்பு எல்லா எடத்துலயும் ஜெயிச்சுட்டுன்னு நெனச்சிராதீரும். யோபு புஸ்தகம் 39-ஐ எடும். கர்த்தர் யோபுகிட்ட வரிசையாக் கேள்வி கேக்காரு. காண்டாமிருகம் ஒனக்கு வேலை செய்யுமா, அத ஏர்ல கட்டி உழுவியா, கதிரக் களத்துக்குக் கொண்டு வருமான்னு. நான் சின்ன வயசுல இருந்து யோசிச்சிருக்கேன்: காண்டாமிருகத்த எவன்வே ஏர்ல பூட்ட நெனச்சான்? அப்பிடி ஒரு ஆசை வந்தாத்தானே ‘முடியுமா’ன்னு கேக்கதுக்கு ஒரு எடம்? எபிரேயத்துல அங்க உள்ள சொல்லு ‘ரேம்’. கிரேக்கத்துல பேத்தவிய ஒத்தைக் கொம்புன்னு எழுதினாவ. 1611-ல இங்கிலீசுக்காரன் அந்த ஒத்தைக்கொம்புக் குதிரைய, கதைப் புஸ்தகத்துல மட்டும் மேயுமே, அத எறக்கினான். உபாகமம் 33-ல அந்த மிருகத்துக்குக் கொம்புகள்னு பன்மையில வந்துட்டு. ஒத்தைக் கொம்பனுக்கு எப்பிடிக் கொம்புகள்? அவிய என்ன செஞ்சாவ தெரியுமா, மிருகத்தப் பன்மையாக்கிட்டாவ. ஆளுக்கு ஒண்ணு வச்சாக் கணக்கு சரியாப் போச்சில்லா! நம்ம ஆளு, இந்தியாவுல ஒத்தைக் கொம்புள்ளது எதுன்னு பாத்து, காண்டாமிருகம்னு போட்டாரு.

பொறகு அசூரியா மண்ணுல களிமண் பலகை வெட்டி எடுத்து வாசிச்சா, அங்க இதே சொல்லு ‘ரீமு’ன்னு கெடக்கு, காட்டுக் காளை. ஆள் ஒசரம், அகலக் கொம்பு, ராசாக்கமாரு வேட்டையாடின மிருகம். அந்த இனத்துல கடைசி மாடு போலந்து காட்டுல 1627-ல செத்துப்போச்சு. இப்ப அந்தக் கேள்வியத் திருப்பிப் படியும். தொழுவத்துல நிக்குத காளைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கு, இதப் பூட்டினா எம்புட்டு உழுவும்னு எந்தச் சம்சாரிக்கும் நாக்குல எச்சி ஊறும். ‘பூட்டிப் பாரேன்’னு கர்த்தர் சிரிக்காரு. அந்தச் சிரிப்பக் காண்டாமிருகம் மிதிச்சுட்டு.

சம்சாரின்னதும் ஞாபகம் வருது. சாமுவேல் மொதல் புஸ்தகம் 13. இஸ்ரவேல் நாட்டுல கொல்லனே இருக்கப்படாதுன்னு பெலிஸ்தர் வச்சிருந்தாவ, வாளும் ஈட்டியும் அடிச்சிருவாவன்னு பயம். அதனால கொழுவத் தீட்ட, கோடாலியத் தீட்ட, எல்லாத்துக்கும் பெலிஸ்தன் பட்டறைக்குத்தான் போவணும். அதுக்கு அடுத்த வசனத்துல ‘பீம்’னு ஒரு சொல்லு. அதுவும் வேதத்துல ஒரே ஒரு தடவ. முன்னால உள்ள அறிஞர் பல பேரு முழிச்சு, தீட்டுததுன்னு வருதே, அப்ப அரமா இருக்கும்னு ஊகிச்சு எழுதினாவ. இங்கிலீசுலயும் அரம், தமிழ்லயும் அரம். எத்தன பேரு இந்த அரத்த வச்சுப் பிரசங்கம் பண்ணியிருப்பாவ! வாள் இல்லாட்டாலும் அரம் இருக்கு, தேவசமுகத்துல நம்மளத் தீட்டிக்கிடுவோம்னு. நானே ரெண்டு கேட்டிருக்கேன். ஒண்ணுல அழுதேன்.

20-ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல அந்த நாட்டு மண்ணத் தோண்டினவிய கையில சின்னச் சின்ன எடைக்கல்லு அம்பிட்டுது. கல்லு மேல எழுத்து: பீம். நிறுத்துப் பாத்தா ஏழரை, எட்டு கிராம், நம்ம பவுனுக்குக் கிட்டக்க. ஒரு சேக்கல்ல மூணுல ரெண்டு பங்கு. அரமும் இல்ல, ஒண்ணும் இல்ல, கூலி! கொழு தீட்ட அம்புட்டு வெள்ளி பெலிஸ்தன் கறந்திருக்கான். பட்டறைக்காரன் ஊருக்கு ஒருத்தன்தான்னா வெலைய அவன்தானே வைப்பான். இந்த அநியாயத்தத்தான் எழுதினவரு வயித்தெரிச்சல்ல குறிச்சு வச்சாரு. நூத்துக்கணக்கான வருசம் அந்த வயித்தெரிச்சல் அரமாவே அறுத்துக்கிட்டு இருந்துது. இப்ப வார இங்கிலீசு மொழிபெயர்ப்புல கூலின்னு திருத்திட்டாவ. அகராதிக்காரன் கண்டுபிடிக்கல, கேட்டீரா. மம்பட்டிக்காரன் கண்டுபிடிச்சது.

ஏசாயா 7-ல ‘அல்மா’ன்னு ஒரு சொல்லு இருக்கு. வாலிபப் பொண்ணா, கன்னிகையான்னு ரெண்டாயிரம் வருச வழக்கு. கன்னிகைன்னு தெளிவாச் சொல்ல எபிரேயத்துல ‘பெத்தூலா’ன்னு வேற சொல்லு இருக்குன்னு ஒரு கட்சி; அலெக்சாந்திரியா யூதரே கிரேக்கத்துல கன்னிகைன்னுதானே பேத்தாவன்னு மறு கட்சி. ஒமக்கு இன்னும் கல்யாணம் ஆவல, வேலையும் நெரந்தரம் ஆவல, அந்தப் பக்கம் போவாதீரும். 1952-ல அமெரிக்காவுல புது மொழிபெயர்ப்பு ஒண்ணு வாலிபப் பொண்ணுன்னு போட்டுது. வட கரோலினாவுல ஒரு போதகர் அந்தப் பக்கத்தக் கிழிச்சு சனத்துக்கு முன்னால கொளுத்தினாரு. எரிஞ்சது இங்கிலீசுத் தாளு. எபிரேயச் சொல்லு பழைய எடத்துலயே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கு.

இப்ப ஒம்ம சங்கதிக்கு வாரேன். ‘சாலொமோன் ராசா தமிழ் பேசினாரு’ன்னு பண்டிகையில அடிச்சு விட்டீரே, கைதட்டு வாங்கினீரே, அது எங்க இருந்து வந்துதுன்னு எனக்குத் தெரியும். ராசாக்கள் மொதல் புஸ்தகம் 10. மூணு வருசத்துக்கு ஒருக்கா சாலொமோன் கப்பல் பொன்னு, வெள்ளி, யானைத்தந்தம், கொரங்கு, அப்புறம் ‘துக்கி’ எல்லாம் ஏத்திட்டு வரும். நாளாகமத்துலயும் ஒரு தடவ வருது. வேற எங்கயும் இல்ல. துக்கின்னா மயில்னு ரொம்ப நாளா சொல்லி வந்தாவ. நம்ம இடையன்குடியில அரை நூற்றாண்டு குடியிருந்த கால்டுவெல் ஐயர்வாள் 1856-ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் போட்டாருல்லா, அதுல இது நம்ம ‘தோகை’தான்னு எழுதினாரு. எழுத்துல பதிஞ்ச திராவிடச் சொல்லுலயே பழசு இதுதான்னும் சொன்னாரு. அதே மாதிரி வாசனைக் கட்டைக்கு உள்ள ‘அகாலீம்’ நம்ம அகில்னாரு. அவரு வெள்ளைக்காரர், நமக்காகப் பொய் சொல்லணும்னு ஒண்ணுமில்ல. ரொம்பப் பேரு ஒத்துக்கிட்டாவ. எனக்கும் மனசுக்குள்ள குளுகுளுன்னுதான் இருக்கு, இல்லைன்னு சொல்லுவனா?

ஆனா எல்லாரும் ஒத்துக்கிடல, வே. அது எகிப்துச் சொல்லு, கொரங்குல ஒரு வகைன்னு சொல்லுத அறிஞரும் உண்டு. அதனாலதான் சில இங்கிலீசு வேதத்துல மயில் பறந்து போயி, மூஞ்சி நீண்ட பபூன் கொரங்கு வந்து உக்காந்திருக்கு. சரி, தோகைன்னே வச்சுக்கிடுவோம். ஒரு சரக்கோட பேரு கப்பல்ல ஏறிப் போச்சு, அவ்வளவுதானே? நீரு கோப்பையில காப்பி குடிக்கீரு, சன்னல்ல காத்து வாங்குதீரு. அதுக்காக ஒம்மப் பாத்து, இவரு போர்த்துகீசியம் பேசுதாருன்னு எவனாவது சொன்னா விடுவீரா? மயில வித்தவன் பேரச் சொல்லியிருப்பான், வாங்கினவன் அப்பிடியே திருப்பிச் சொல்லியிருப்பான். அதுக்குள்ள சாலொமோனுக்குப் பனங்கற்கண்டு குடுத்து, வேட்டி கட்டி விட்டு, ஆதாம் ஏவாளு திருச்செந்தூர்ப் பக்கம்னு அடுத்த பண்டிகைக்குச் சொல்லப் போறீரோன்னு எனக்கு நெஞ்சு படபடன்னு இருக்கு.

எனக்கு மரியாதை வார ஆளு யாருன்னா, தெரியாத எடத்துல கைய எடுத்தவன். நோவா பேழை செஞ்ச மரம் இருக்குல்லா, ‘கொப்பேர்’. வேதத்துல ஒரே தடவ. கிரேக்கத்துல சதுரமா வெட்டின மரம்னாவ, லத்தீன்ல இழைச்ச மரம்னாவ, இப்ப உள்ளவிய சைப்ரஸ்ங்குதாவ. எல்லாம் தச்சன் இல்லாத எடத்துல செஞ்ச தச்சு. நம்ம தமிழ்ல கொப்பேர் மரம்னே எழுதி விட்டுட்டாவ. தேக்குன்னு போட்டிருந்தா ஒருத்தன் கேட்டிருப்பானா? விட்டாவ பாரும், அது வித்தை. யோபுல வார பிகெமோத்தையும் அப்பிடியே கட்டாம மேய விட்டுட்டாவ.

‘சேலா’வும் அதுதான். சங்கீதத்துல 71 எடம், ஆபகூக்குல மூணு. பாட்டு நிறுத்துத எடமா, தாளம் தட்டுத எடமா, குரல ஒசத்துத எடமான்னு இன்னைக்கு வரைக்கும் தீரல. ஒருத்தரும் அர்த்தம் பண்ணாம, எழுத்தையே தமிழாக்கி வச்சிருக்காவ. அடுத்த ஞாயித்துக்கெழமைப் பாடம் மூணாஞ் சங்கீதமாம், கோயில்பிள்ளை சொன்னாரு. எட்டு வசனத்துக்குள்ள மூணு சேலா வருது. மூணுக்கும் மூணு மூல பாஷை அர்த்தம் சொன்னீருன்னா காணிக்கை கூடும், சேகரத்து ஐயரும் கையப் பிடிச்சுக் குலுக்குவாரு. ஒண்ணும் சொல்லாம, உள்ளத உள்ளபடி வாசிச்சுட்டு எறங்கினீருன்னா நேரா வீட்டுக்கு வாரும். அத்தைகிட்டச் சொல்லி நாட்டுக்கோழி அடிச்சு வைக்கச் சொல்லுதேன்.